ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்: 32 வருட ரகசியத்துக்கு இந்த முடிவு போதுமா? (முழு ஸ்பாய்லர்)

ரப்பர்கோழி:
முன்னெச்சரிக்கை: இந்த இழையில் மங்கி ஐலண்ட் என்ற கடற்கொள்ளையர் சாகசக் கணினி விளையாட்டு வரிசையின் 6 ஆட்டங்களின் கடைசிக் காட்சிகளும் ஒளிவுமறைவில்லாமல் பேசப்படும். ரிட்டர்னை முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வந்து படிக்கவும்.

2022 செப்டம்பர் 19 அன்று ஆட்டம் வெளியானதிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. நாயகன் கைப்ரஷ் த்ரீப்வுட் குரங்குத் தலைக்குள் போய், கடைசிக் கதவைத் திறந்து, மெலே தீவின் சந்தில் வந்து நிற்கிறான். சுற்றிலும் இருப்பது ஒரு கேளிக்கைப் பூங்கா. மனிதர்கள் எல்லாம் இயந்திரப் பொம்மைகள். ஸ்டான் சாவியைக் கையில் கொடுத்து, பூட்டிவிட்டுப் போ என்கிறான். மங்கி தீவின் ரகசியம் இருப்பதாகச் சொன்ன பெட்டியைத் திறந்தால் ஒரு டி-ஷர்ட். இதற்காகவா 1990-லிருந்து காத்திருந்தோம் என்று பலருக்குக் கோபம்.

என் கட்சி: இது சரியான முடிவு. இதைவிடப் பொருத்தமான முடிவு இந்த வரிசைக்குக் கிடையாது. ஆட்டத்துக்குள்ளேயே மூன்று சாட்சிகள் இருக்கின்றன.

முதல் சாட்சி அந்தச் சந்து. இரண்டாவது ஆட்டமான லெசக்ஸ் ரிவெஞ்ச் (1991) கடைசிப் பகுதியை நினைவுபடுத்திப் பாருங்கள். டிங்கி தீவுக்கு அடியில் சுரங்கம். அங்கே மின்தூக்கியில் மேலே போனால் முதல் ஆட்டத்தின் மெலே தீவுச் சந்துக்கு வந்துவிடுவீர்கள். கடல் கடந்த தீவின் சந்து டிங்கிக்கு அடியில் எப்படி வரும்? பூங்காவின் பின்பக்க ஊழியர் வழி என்றால் வரும். 2022-ல் கைப்ரஷ் வந்து நிற்கும் இடமும் அதுவே.

இரண்டாவது டி-ஷர்ட். முதல் ஆட்டத்தில் கடற்கொள்ளையர் ஆவதற்கு மூன்று சோதனைகள். அதில் புதையல் சோதனையில் மண்வெட்டியால் தோண்டினால் என்ன கிடைத்தது? மெலே தீவின் புகழ்பெற்ற புதையலைக் கண்டுபிடித்ததற்கு இந்த மொக்கை டி-ஷர்ட்தான் மிச்சம் என்று எழுதிய டி-ஷர்ட். ரிட்டர்னின் பெட்டியில் இருப்பது அதே வாசகத்தின் தம்பி. 1990-லேயே விடையைக் காட்டிவிட்டு, 2022-ல் அதையே பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, கதை சொல்லும் முறை. லெசக்ஸ் ரிவெஞ்ச் பெரும்பகுதி கைப்ரஷ் கயிற்றில் தொங்கிக்கொண்டே காதலி எலெய்னிடம் சொல்லும் முன்கதை. அமிலக் குழியில் அவனைச் சாகவிட்டால், நீ செத்திருந்தால் இப்போது என்னிடம் எப்படிப் பேசுகிறாய் என்று எலெய்ன் மடக்குவாள். ரிட்டர்னில் கேட்பவன் மட்டும் மாறியிருக்கிறான். பெஞ்சில் மகன் பாய்பிரஷ், சொல்பவன் அப்பா. சொல்பவன் கைப்ரஷ் என்றால் கதையில் எவ்வளவு சரடு இருக்கும் என்று தெரியாதா நமக்கு?

நடுக்கடல்:
சாட்சி எல்லாம் சரிதான் ரப்பர்கோழி, அதுல ஒண்ணையும் நான் மறுக்கல. ஆனா "முன்னாடியே குறிப்பு இருந்துச்சு"ங்கறதும் "முடிவு திருப்தியா இருந்துச்சு"ங்கறதும் வேற வேற. குறிப்பு இருக்கறது எழுத்தாளரோட திட்டத்தைக் காட்டுது, அவ்வளவுதான். விளையாடினவனுக்கு என்ன கிடைச்சுதுன்னு பாருங்க.

நாலாம் பகுதி முழுக்க 5 தங்கச் சாவி தேடி அலைய விடறாங்க. பிரர் மூடா, டெரர் ஐலண்ட், ஸ்கர்வி ஐலண்ட்னு கப்பலை ஓட்டி ஓட்டி, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு பசில் (புதிர்) சங்கிலி. ஆட்டத்துல ரொம்ப உழைப்பு கேக்கற பகுதி அதுதான். அதுக்கப்புறம் அஞ்சாம் பகுதி சட்டுனு முடிஞ்சு போகுது. வில்லன் லெசக் என்ன ஆனான்? மேடிசன், லைலா, ட்ரென்ட்னு மூணு புதுத் தலைவர்களைக் கொண்டுவந்து, பழைய தலைவர்களைத் தூக்கிட்டு, கறுப்பு மந்திரம் அது இதுன்னு பில்டப் கொடுத்தாங்களே, அவங்க கணக்கு எங்க தீர்ந்துச்சு? கதவைத் திறந்தோம், எல்லாரும் பொம்மை, முடிஞ்சுது.

வில்லனோட கடைசி மோதல் இல்லாம ஒரு சாகச ஆட்டம் முடியக்கூடாதுன்னு சட்டம் இல்ல. ஆனா மோதல் வரப்போகுதுன்னு ஏழெட்டு மணி நேரம் காட்டிட்டு அந்தக் காட்சியையே தராம விடறது ஏமாத்து.

சாவிக்கொத்து:
சண்டைக்கு நடுவில் ஒரு நடைமுறைக் குறிப்பு. முடிவு பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் நிறையப் பேர் ஒரே ஒரு முடிவைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். சந்துக்கு வந்ததும் தெருப்பக்கம் போய்விடுகிறார்கள், பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பிக்கிறது, உடனே வெளியேறிவிடுகிறார்கள். பாதி விஷயம் போச்சு.

இப்படிச் செய்யுங்கள். சந்தில் வந்து நின்றவுடன் தானியங்கிச் சேமிப்பை நம்பாமல் தனியாக ஒரு சேவ் போட்டு வையுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே தொடங்கலாம்.

முதல் தடவை: எதையும் தொடாமல் எல்லாரையும் பாருங்கள். பொம்மைகள் ஒவ்வொன்றுக்கும் கைப்ரஷின் கருத்து வேறு. எலெய்னிடம் எல்லாப் பேச்சு வரிகளையும் தீருங்கள். ஸ்டானிடம் சாவி வாங்கி, பெட்டியைத் திறந்து, விளக்குகளை அணைத்துவிட்டு வெளியேறுங்கள். இதுதான் பலரும் பார்ப்பது.

அடுத்த தடவை பெட்டியைத் திறக்காமல் வெளியேறுங்கள். ரகசியம் ரகசியமாகவே இருக்கட்டும் என்று நீங்களே முடிவெடுப்பது அது, உணர்வு முற்றிலும் வேறு. மூன்றாவதாக, வந்த கதவு வழியாகவே திரும்பிப் போங்கள். இந்தப் பூங்காவை நான் ஏற்கவில்லை என்று அர்த்தம். ஆட்டம் அதையும் ஒரு முடிவாகவே எடுத்துக்கொள்கிறது. நடுக்கடல் கேட்பது ஏறக்குறைய இதுதான். கதை உண்மை, நான் உள்ளேயே இருக்கிறேன் என்று சொல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த அறிவிப்பும் இல்லாததால் பலர் கண்ணில் படவில்லை. அது வடிவமைப்பின் குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

அதன்பின் பெஞ்ச். ரகசியம் என்னவென்று பாய்பிரஷ் கேட்கும்போது பதிலை நீங்கள்தான் தேர்வு செய்கிறீர்கள். சந்தில் செய்ததும் இங்கே சொல்வதும் சேர்ந்து கடைசிக் காட்சியைக் கொஞ்சம் மாற்றும்.

பெயர்ப்பட்டியலை முழுசாக ஓடவிடுங்கள். முடிந்ததும் முகப்புப் பட்டியலில் இருக்கும் ஸ்கிராப்புக்கைத் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் பழைய ஆட்டங்களின் சுருக்கம் இருந்த அதே புத்தகம்தான். ஆட்டம் முடித்தவர்களுக்கு அதில் ஆட்டத்தை உருவாக்கிய ரான் கில்பர்ட்டும் டேவ் கிராஸ்மேனும் எழுதிய கடிதம் சேர்ந்திருக்கும். அதைப் படிக்காமல் முடிவைப் பற்றி விவாதிப்பது வீண்.

நடுக்கடல்:
சாவிக்கொத்து, கதவு வழியா திரும்பற விஷயத்தை இங்கயே நிறையப் பேர் இப்பதான் கேள்விப்படுவாங்கன்னு நினைக்கறேன். நன்றி. ஆனா என் பிரச்சினை அதோட தீரல. "எந்த பதில் வேணுமோ எடுத்துக்கோ"ங்கறது எழுத்தாளர் கை கழுவற வேலை. ரகசியம் என்னன்னு எனக்குத் தெரியும், ஒருநாள் சொல்வேன்னு பல வருஷம் பேசின கில்பர்ட், கடைசில பல்தேர்வு வினாத்தாளை நீட்டலாமா?

இன்னொண்ணு. 2013-ல கில்பர்ட் தன்னோட வலைப்பதிவுல, இன்னொரு மங்கி ஐலண்ட் எடுத்தா எப்படி எடுப்பேன்னு ஒரு பட்டியலே போட்டார். தன்னோட உலகத்துல ரெண்டாவது ஆட்டத்துக்கு அப்புறம் வந்த எதுவும் கிடையாதுன்னு அதுல எழுதினார். 2022-ல பார்த்தா பேசற மண்டையோடு மர்ரே இருக்கான், கைப்ரஷும் எலெய்னும் கல்யாணமாகி வாழறாங்க. ரெண்டுமே மூணாவது ஆட்டமான கர்ஸ்லேருந்து வந்தது. ரெண்டாவது ஆட்டத்துக்கு நேர் தொடர்ச்சியாவும் இருக்கணும், மத்த மூணையும் ஏத்துக்கவும் செய்யணும்னா, நிஜமான விடை சொல்லவே முடியாது. அதனாலதான் மூடுமந்திரம்.

மூன்றாம்தலை:
இந்தக் கடைசிக் கருத்து முக்கியமானது. கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

இந்த வரிசைக்கு ஒரு முடிவு இல்லை, ஆறு முடிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் எழுதப்பட்டது.

1990: லெசக் ஸ்டானின் கப்பல் விற்பனைத் திடலில் தோற்கிறான், வானத்தில் வெடித்துச் சிதறுகிறான். மங்கி தீவின் ரகசியம் என்னவென்று ஆட்டம் சொல்லவே இல்லை. நீ என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், கணினி விளையாட்டுக்கு 20 டாலருக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று ஒரு பதில் வைத்தார்கள். இந்த வரிசையின் குணம் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

1991: லெசக் ஊடு (பில்லி சூனிய) பொம்மையால் குத்தி அறைக்கு அறை தூக்கி வீசிக்கொண்டிருக்க, நீங்கள் அவனுக்கு ஒரு பொம்மை செய்ய வேண்டும். தேவை நான்கு. மின்தூக்கிக் கதவில் சிக்க வைத்து எடுக்கும் தாடி, அவன் மூக்குச் சிந்திய கைக்குட்டை, கிராக் (கடற்கொள்ளையர் மது) விற்கும் இயந்திரத்தில் காசு விழுந்து அவன் குனியும்போது உருவும் உள்ளாடை, கூடவே பெற்றோர் எலும்புக்கூட்டின் மண்டையோடு. அந்த மண்டையோடு வேலை செய்கிறது என்பதே லெசக் அண்ணன் என்பதற்கு ஆதாரமாகிறது. பொம்மையின் காலைப் பிய்த்தவுடன் முகமூடி கழல்கிறது, சக்கி என்கிறான், இரண்டு சிறுவர்களும் பெற்றோருடன் பூங்காவில் நடக்கிறார்கள். பசிலும் கதைத் திருப்பமும் ஒன்றாகவே இருக்கும் இந்த இடம்தான் மொத்த வரிசையிலும் சிறந்த இறுதிப் பசில். ரிட்டர்னின் அஞ்சாம் பகுதியில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. நடுக்கடல் சொல்லும் வெறுமைக்கு நிஜக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். டி-ஷர்ட் மீது தப்பில்லை. டி-ஷர்ட்டுக்கு முன் விளையாடுபவன் கையால் செய்யும் வேலை போதவில்லை.

1992-ல் கில்பர்ட் லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தை விட்டுப் போனார். ஜோனதன் ஆக்லியும் லாரி அஹெர்னும் கர்ஸ் (1997) எடுத்தபோது, அந்தப் பூங்காவை என்ன செய்வது என்பது அவர்கள் தலையில் விழுந்தது. லெசக்கின் மந்திரப் பூங்கா அது, வருகிறவர்களை எலும்புக்கூட்டுப் படையாக மாற்றுகிறான் என்று கட்டி முடித்தார்கள். ரோலர்கோஸ்டர் பசில் அருமை. மிளகுத்தூளால் அவனைத் தும்ம வைப்பது வரை எல்லாம் நன்றாகப் போகும். ஆனால் வெற்றிக்குப் பிறகு வரும் காட்சி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதைப் பற்றி யாரும் இன்று சண்டை போடுவதில்லை என்பது வேடிக்கை.

எஸ்கேப் (2000) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மங்கி கொம்பாட் என்ற குரங்குச் சண்டையில் தொடர்ந்து மூன்று முறை சமநிலை செய்தால் ராட்சதச் சிலை தன் தலையிலேயே அடித்துக்கொள்ளும். ஹெர்மன் டூத்ராட் எலெய்னின் தாத்தா என்பது அங்கே வந்த திருப்பம். இருந்த மர்மத்தைச் சின்னதாக்கியதுதான் மிச்சம்.

டேல்ஸ் (2009) ஐந்து அத்தியாயம். கடைசியில் மார்கன் லெஃப்லே ஒரு குடுவையைக் கொண்டுபோய் ஊடு சீமாட்டியிடம் கொடுக்கிறாள். அடுத்த பருவத்துக்குப் போட்ட தூண்டில். பருவம் வரவே இல்லை. ரிட்டர்னும் அந்தக் குடுவையைத் தொடவில்லை. கதை இழை அறுந்தது என்று குறை சொல்ல வேண்டுமென்றால் என் முதல் குறை இதுதான், மேடிசன் அல்ல.

ஆக 2022-ல் இருந்த நிலை இது: கில்பர்ட் விட்டுப்போன பூங்கா, மற்றவர்கள் எழுதிய மூன்று மறுப்புகள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் உண்மையாக வைத்திருக்க ஒரு வழிதான் இருந்தது. யாரோ ஒருவர் சொல்லும் கதை என்று ஆக்குவது.

ரப்பர்கோழி:
மூன்றாம்தலை சொன்ன பசில் குறையை ஏற்கிறேன். நாலாம் பகுதியில் ஐந்து சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி ஓடும்போது வரும் வேகம், குரங்குத் தலைக்குள் போனதும் ஒற்றையடிப் பாதையாகிவிடுகிறது.

ஆனால் லெசக்கின் கணக்கு தீரவில்லை என்பதை ஏற்கமாட்டேன். குரங்குத் தலைக்குப் போகும் முன் எலெய்னுடன் காட்டில் நடக்கும் உரையாடலைக் கவனியுங்கள். வழியெல்லாம் கைப்ரஷ் என்ன செய்து வந்தான்? பொய் சொன்னான், திருடினான், ஸாம்பி வேஷம் போட்டு லெசக்கின் கப்பலிலேயே தளம் துடைப்பவனாகச் சேர்ந்தான். அவன் கடந்துவந்த இடங்களில் விட்டுப்போன சேதத்தை எலெய்ன் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள், கோபமில்லாமல். இதே வெறி லெசக்குக்கும் இருக்கிறது. இருவரும் ஒரே பெட்டியை நோக்கி ஓடுகிறார்கள், ஒருவன் கதவைத் தாண்டி நின்றுவிட்டான், மற்றவன் தாண்டவில்லை. மோதல் அந்தப் பேச்சிலேயே நடந்து முடிந்துவிட்டது. வாள் எடுத்தால்தான் மோதலா?

நடுக்கடல்:
இந்த வரிசையில வாளே அவமானப் பேச்சுக்குத்தான் எடுப்பாங்க. அதனால வாள் வேணும்னு நான் கேக்கல. நான் கேக்கறது ஒரு பசில். எலெய்ன் பேசறது நல்லா எழுதின காட்சி, ஒத்துக்கறேன். ஆனா அதுல நாம நடந்துகிட்டே பதில் வரியைச் சொடுக்கறோம், அவ்வளவுதான். அந்த வெறியை விடறதை ஒரு செயலா நம்ம கையால செய்ய வெச்சிருந்தா? உதாரணத்துக்கு, அஞ்சு சாவில ஒண்ணை அதோட சொந்தக்காரங்ககிட்ட திருப்பிக் கொடுத்தாதான் கடைசிக் கதவு திறக்கும்னு வெச்சிருந்தா, அது முடிவு. மங்கி ஐலண்ட்ல பொருளைக் கையில வெச்சிருக்கறதுதான் எல்லாமே. பொருளை விடறதை ஒரு பசிலா யோசிச்சிருக்கலாம்.

மூன்றாம்தலை:
அடேயப்பா. இது நிஜமாகவே நல்ல யோசனை. பெட்டியைத் திறக்காமல் போகும் முடிவு அந்தத் திசையில்தான் இருக்கிறது, ஆனால் அது செய்யாமல் விடுவது. நீங்கள் சொல்வது செய்வது. இரண்டுக்கும் நிறைய தூரம்.

பிக்சல்வேலன்:
வேறு வரிசைகளோடு ஒப்பிட்டால் ரிட்டர்ன் எவ்வளவு தப்பித்திருக்கிறது என்று புரியும்.

கேப்ரியல் நைட் 3 (1999): கடைசியில் நாயகனின் உதவியாளர் கிரேஸ் ஒரு கடிதம் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். தொடர்ச்சி வரவில்லை. அந்த வரிசையின் கடைசி வார்த்தை இன்றுவரை அந்தக் கடிதம்தான். விற்பனை சரிந்து நிறுவனங்கள் சாகச ஆட்டங்களையே கைவிட்ட காலம், எழுத்தாளர் மேல் பழி போட முடியாது.

மிஸ்ட் 5: எண்ட் ஆஃப் ஏஜஸ் (2005) எதிர்ப்பக்க உதாரணம். நடுக்கடல் கேட்ட மாதிரியே அங்கே முடிவு ஒரு பொருளை என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. ஆட்டம் முழுக்கக் கற்பலகைகளில் குறி வரைந்து பாரோ (Bahro) என்ற அடிமைப்பட்ட உயிரினங்களுக்குக் கட்டளையிடுகிறீர்கள். கடைசியில் அவர்களைக் கட்டுப்படுத்தும் முதன்மைப் பலகை உங்கள் கையில். யீஷாவும் கேட்கிறாள், எஷரும் கேட்கிறான். இருவரில் யாருக்குக் கொடுத்தாலும் தப்பான முடிவு. இருவருக்கும் கொடுக்காமல் பாரோக்களிடமே விட்டால்தான் நல்ல முடிவு. அதிகாரத்தைக் கைவிடுவதே விடை, அதை நீங்களே செய்ய வேண்டும். கதையாக யாருக்கும் அவ்வளவு நினைவில்லை, எழுத்தும் சுமார்தான், ஆனால் இறுதிச் செயலின் வடிவமைப்பு ரிட்டர்னைவிடக் கச்சிதம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ரிட்டர்னுக்கு முடிவு என்று ஒன்று இருக்கிறது, அதை ஆரம்பித்தவர்களே எழுதினார்கள், கைப்ரஷுக்குக் குரல் கொடுத்துவரும் டோமினிக் அர்மாட்டோவோடு வந்தது. சாகச ஆட்ட உலகில் இதெல்லாம் அடிக்கடி நடக்காது.

நடுக்கடல்:
"கிடைச்சதே பெரிசு"ங்கறது விமர்சனம் இல்ல பிக்சல்வேலன். ஆனா மிஸ்ட் உதாரணத்துக்கு நன்றி, என் வாதத்துக்கு என்னைவிட நல்லா வக்காலத்து வாங்கிட்டீங்க.

பஞ்சுமூட்டை:
இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நண்பருக்கு இந்த வரிசையைத் தொடங்கி வைக்கணும். ஆறையும் விளையாட அவருக்குப் பொறுமை இருக்காது. முடிவு புரிய எதெல்லாம் கட்டாயம்? ஸ்கிராப்புக் சுருக்கம் மட்டும் போதுமா?

சாவிக்கொத்து:
கதை புரிய ஸ்கிராப்புக் போதும். முடிவு உறைக்க அது போதாது. முதல் இரண்டும் கட்டாயம், அந்த வரிசையில்.

முதல் ஆட்டத்துக்கு 2009-ல் வந்த சிறப்புப் பதிப்பும், இரண்டாவதுக்கு 2010-ல் வந்ததும் எடுக்கலாம். இரண்டிலும் ஒரே விசையில் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறலாம். சந்து வரும் இடங்களில் மட்டுமாவது பழைய படத்துக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அடையாளம் பதியும். புதையல் சோதனையில் டி-ஷர்ட்டில் இருக்கும் வாசகத்தைப் படிக்காமல் தாண்டிவிடக் கூடாது. இரண்டாவது ஆட்டத்தை டாஸ் பதிப்பில் விளையாடினால் தொடக்கத்தில் லைட் முறை கேட்கும். அது வேண்டாம், பசில்களை வெட்டிவிடும்.

நேரம் இருந்தால் கர்ஸ் சேர்க்கலாம். மர்ரே அறிமுகமாவது அங்கேதான். பசில் பிடிக்கிறவர் என்றால் மெகா மங்கி முறை. எஸ்கேப், டேல்ஸ் இரண்டையும் ஸ்கிராப்புக் பார்த்துக்கொள்ளும்.

ரிட்டர்னில் தொடங்கும்போது எளிது, கடினம் என்று இரண்டு முறை இருக்கும். கடினத்தை எடுக்கச் சொல்லுங்கள். எளிதில் நாலாம் பகுதியின் சங்கிலிகள் குட்டையாகி, சாவிகள் கைக்கு வந்து விழுவது போல ஆகிவிடும். உழைக்காமல் கிடைத்த சாவிக்குப் பின்னால் டி-ஷர்ட் வந்தால் அதில் கடியும் இல்லை, சிரிப்பும் இல்லை. மாட்டிக்கொண்டால் ஊடு சீமாட்டி தரும் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. ஒரு கேள்விக்கு ஒரே அடியில் விடையைப் போட்டு உடைக்காது, படிப்படியாகத்தான் சொல்லும், முதல் குறிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். அமைப்புகளில் ரைட்டர்ஸ் கட் என்று ஒரு விருப்பம் உண்டு, கூடுதல் வசனங்கள் வரும். முதல் முறை விளையாடுகிறவருக்கு அது வேண்டாம், வேகம் குறையும். இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ரப்பர்கோழி:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன் பஞ்சுமூட்டை. இரண்டாவது ஆட்டம் முடிந்த கையோடு ரிட்டர்னைத் தொடங்கச் சொல்லுங்கள், இடைவெளி வேண்டாம். ரிட்டர்னின் முதல் காட்சி நேராக அந்தப் பூங்காவில்தான் திறக்கிறது. கைப்ரஷும் லெசக்கும் சிறுவர்களாக நிற்பது போல இருக்கும். கொஞ்ச நேரத்தில் அது பாய்பிரஷும் அவன் கூட்டாளி சக்கியும் அப்பாவின் கதையை நடித்து விளையாடுவது என்று தெரியும். 1991-ன் கடைசி நிமிடம் மறந்து போனவருக்கு அந்தத் திருப்பம் வெறும் முன்னுரையாகப் போய்விடும்.

நடுக்கடல்:
கர்ஸை நடுவுல செருகாதீங்கன்னு சொல்றாரு. முதல் தடவையா ரப்பர்கோழி சொல்றதை அப்படியே ஏத்துக்கறேன். கர்ஸ் சொல்ற பூங்கா விளக்கம் தலைல இருந்தா ரிட்டர்ன் முதல் காட்சி குழப்பும். கர்ஸ் கடைசியா, தனியா.

சாவிக்கொத்து:
சரி, என் பதிலில் திருத்தம்: 1, 2, ரிட்டர்ன், விருப்பமிருந்தால் கர்ஸ். சந்தில் தனி சேவ் போட மறக்க வேண்டாம்.